காப்பாருக்கு வரும் கரி எந்த ஊர்க் கரி? மின்கட்டணத்தில் விலை தெரிகிறது, கந்தகம் தெரிவதில்லை

ஜெஞ்சாரோம் மக்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குச் சீனா கதவை அடைத்ததும், அந்தக் கழிவுகள் கோல லங்காட் பக்கம் திரும்பின. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமம் இல்லாத மறுசுழற்சித் தொழிற்சாலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் நெடி வீட்டுக்குள் வந்தது. குடியிருப்பாளர்களே இடங்களைத் தேடிப் படம் எடுத்து, புகார் மேல் புகார் கொடுத்தார்கள். கடைசியில் 33 சட்டவிரோதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. உலக ஊடகங்கள் இந்தச் சிற்றூரின் பெயரைக் கற்றுக்கொண்டன.

அந்தப் போராட்டத்தின் முதல் சாட்சி மூக்கு. இந்தக் கட்டுரை மூக்குக்கு எட்டாத ஓர் எரிப்பைப் பற்றியது.

ஜெஞ்சாரோமிலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் காப்பார் கடற்கரையில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் இருக்கிறது. அதன் நிலக்கரி அலகுகள் நான்கு: 300 மெகாவாட் இரண்டு, 500 மெகாவாட் இரண்டு. மொத்தம் 1,600 மெகாவாட். உயரமான புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கந்தக டை ஆக்சைடு வாயு, இவ்வளவு தூரம் வந்து சேரும்போது நெடியாகத் தெரியாது. வழியிலேயே அதில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சல்பேட் என்ற நுண்துகளாக மாறுகிறது. அந்தத் துகளுக்கு வாசனை இல்லை. நுரையீரலின் அடிவரை இறங்கும் பிஎம் 2.5 வகையைச் சேர்ந்தது அது. பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடியது.

எவ்வளவு கந்தகம் கிளம்புகிறது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, புகையைக் கழுவும் சாதனம் இருக்கிறதா என்பது. மற்றொன்று, அன்றைக்கு உலையில் விழுந்த கரி எந்த ஊரில் வெட்டியது என்பது. முதலாவதைப் பற்றிச் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் அவ்வப்போது பேச்சு வரும். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் காற்றின் தரம் பெரிதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது நூலில்தான் என்பது என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு டன் கரியில் 1 விழுக்காடு கந்தகம் இருந்தால் 10 கிலோ. எரியும்போது ஒவ்வொரு கிலோ கந்தகமும் ஆக்சிஜனோடு சேர்ந்து 2 கிலோ கந்தக டை ஆக்சைடு ஆகிறது. சாம்பலில் தங்கிவிடும் சிறு பங்கை விட்டுவிடுவோம்.

1,000 மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நாள் முழுக்க முழுவீச்சில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 5,000 கிலோகலோரி வெப்பம் தரும் இந்தோனேசியக் கரி என்றால் ஏறத்தாழ 11,500 டன் தேவைப்படும். அதில் கந்தகம் 0.1 விழுக்காடு என்றால் அன்றைக்குப் புகைபோக்கி வழியாகப் போவது சுமார் 23 டன் கந்தக டை ஆக்சைடு. அதே நிலையத்தில் 6,000 கிலோகலோரி தரும் ஆஸ்திரேலிய வகைக் கரியைப் போட்டால் 9,600 டன்னே போதும். ஆனால் அதில் கந்தகம் 0.7 விழுக்காடு என்றால் 134 டன் வெளியேறும். மின்சாரம் அதே அளவு, நிலையமும் அதுவே. கப்பல் மாறியதில் நச்சு வாயு கிட்டத்தட்ட ஆறு மடங்காகிவிட்டது.

இது புகையைக் கழுவாமல் அப்படியே விட்டால் வரும் கணக்கு. கழுவும் சாதனம் ஒழுங்காக ஓடினால் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிடும்.

நம் காலடியிலேயே விடை இருக்கிறது

ஒரு கரியில் ஏன் 0.1, இன்னொன்றில் ஏன் 3 விழுக்காடு? இதைப் புரிந்துகொள்ள கலிமந்தானுக்குப் போக வேண்டாம். ஜெஞ்சாரோமிலிருந்து கேரித் தீவு வரை ஒரு சுற்றுப் போய் வந்தால் போதும்.

கோல லங்காட்டின் உட்பகுதியில் இருப்பது மலாயில் 'தானா காம்புட்' என்று சொல்லும் கரிச்சதுப்பு மண். மக்காத மரம், வேர், இலை ஆகியவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது. வறட்சியில் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். கிள்ளான் ஜோஹான் செத்தியா வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இத்தகைய சதுப்பு நன்றாக வளரும்போது நடுவில் மேடாக உயர்ந்துவிடும். ஆற்று வெள்ளமும் கடல்நீரும் அந்த மேட்டுக்கு ஏறாது. அதற்குக் கிடைப்பது மழைநீர் மட்டுமே. மழைநீரில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் அந்தக் கரிச்சதுப்பிலும் குறைவு.

கேரித் தீவுக்குப் போனால் கதை தலைகீழ். அது சதுப்புநிலக் காடும் கடல் களிமண்ணுமாக இருந்த இடம். கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டை இரும்போடு சேர்த்து பைரைட் என்ற கனிமமாக மாற்றிவிடுகின்றன. அப்படிப்பட்ட நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் பைரைட் காற்றில் பட்டு, கந்தக அமிலமாக மாறும். தோட்டக் கால்வாய்களில் துரு நிறத்தில் தண்ணீர் ஓடுவதும், செம்பனை மரம் காய்ப்புக் குறைந்து நிற்பதும் இதனால்தான். தோட்ட நிர்வாகங்கள் கால்வாயில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை உயர்த்திப் பிடிப்பதற்கும் அதுவே காரணம். கங்காணி காலத்திலிருந்து அந்தக் கால்வாய்களைத் தூர்வாரியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பைரைட் என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கால் அரிப்பு தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு மண்ணையும் பல மில்லியன் ஆண்டுகள் புதைத்து அழுத்தினால் இரண்டு விதமான கரி கிடைக்கும். மழைநீர் மேட்டில் பிறந்தது கந்தகம் குறைந்த கரி. கடல்நீர் ஏறி இறங்கிய இடத்தில் பிறந்தது கந்தகம் மிகுந்த கரி. தென் கலிமந்தானில் அடாரோ நிறுவனம் வெட்டும் கரி முதல் வகை. 0.1 விழுக்காடு அளவே கந்தகம் உள்ள அந்தக் கரியை 'என்விரோகோல்' என்ற பெயரில் உலகெங்கும் விற்றார்கள். கரிக்குச் சுற்றுச்சூழல் பெயர் வைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்! ஆனால் இந்தோனேசியக் கரி எல்லாம் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. அதே போர்னியோத் தீவில் பழைய கடற்கரையை ஒட்டிய படுகைகளில் 1 விழுக்காட்டைத் தாண்டும் கரியும் இருக்கிறது. 'இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதி' என்று சொன்னால் நாடு தெரியும், கந்தகம் தெரியாது.

பத்து ஆராங்கிலிருந்து காப்பார் வரை

சிலாங்கூருக்கு ஒரு காலத்தில் சொந்தக் கரி இருந்தது. 'பத்து ஆராங்' என்றால் மலாயில் நிலக்கரி என்றே பொருள். ஊரே தன் தொழிலின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1908-இல் அங்கே கரி கண்டறியப்பட்டு, 1915 முதல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் வெட்டத் தொடங்கியது. சீனர்கள் பெரும்பான்மையாகவும், தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் அவர்களோடும் உழைத்த சுரங்கம் அது. 1937-ஆம் ஆண்டு அங்கு நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனி அத்தியாயம்.

அந்தக் கரி ரயில் வண்டிகளுக்குப் போனது. ஈயக் கப்பல்களுக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் 1927-இல் இயங்கத் தொடங்கிய பங்சார் மின்நிலையத்துக்கும் போனது. ஏரிப் படுகையில் உருவான கரி என்பதால் கந்தகம் குறைவு. அதன் குறை வேறு: குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். தூசிக்கும் புகைக்கும் அந்தக் காலத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை.

ரயில்வே டீசலுக்கு மாறியது. மின்நிலையங்கள் எண்ணெய்க்கு மாறின. 1953-இல் கிள்ளானில் திறந்த கன்னாட் பிரிட்ஜ் நிலையமும் கரியில் தொடங்கி எண்ணெய்க்குப் போனது. 1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. கரி போனால் காற்று சுத்தமாகியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மின்நிலையங்கள் எரித்த கனரக எண்ணெயில் கந்தகம் 3 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம். உள்ளூர்க் கரியைவிடப் பல மடங்கு அதிகம். கறுப்புத் தூசி குறைந்ததால் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1981-இல் அரசாங்கம் நான்கு எரிபொருள் கொள்கையைக் கொண்டுவந்தது. எண்ணெயை மட்டும் நம்பாமல் எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகியவற்றுக்கும் இடம் கொடுப்பது அதன் நோக்கம். அதன் பயனாகத்தான் 1980-களின் பிற்பாதியில் காப்பாரில் கரி அலகுகள் வந்தன. இம்முறை கரி பத்து ஆராங்கிலிருந்து வரவில்லை, கப்பலில் வந்தது. எரிவாயு இதே காலத்தில் பெருகியதால் நாட்டின் மின்சாரத்தில் கந்தகம் குறைந்தது. பிறகு எரிவாயு விலையும் இருப்பும் கவலை தரவே, 2000-க்குப் பின் மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று கரி நிலையங்கள் வரிசையாக எழுந்தன. இன்று தீபகற்பத்தின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் கரியிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 30 மில்லியன் டன்னுக்கும் மேல் இறக்குமதி. பெரும்பங்கு இந்தோனேசியா, அடுத்து ஆஸ்திரேலியா. தென்னாப்பிரிக்கா, ரஷ்யாவிலிருந்தும் வந்ததுண்டு.

உள்ளூர்க் கரி, எண்ணெய், எரிவாயு, மீண்டும் கரி. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் கந்தகம் ஏறியோ இறங்கியோ இருக்கிறது. ஒன்றுகூட கந்தகத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு இல்லை. விலையும் கிடைக்கும் அளவும்தான் முடிவு செய்தன.

அமெரிக்கா கற்ற பாடம்

கந்தகத்துக்காகவே கரியின் ஊரை மாற்றிய நாடு அமெரிக்கா. இலினோய், அப்பலாச்சியா பக்கத்துக் கரியில் 2 முதல் 3 விழுக்காடு கந்தகம் சர்வசாதாரணம். கிழக்கு மாநிலங்களின் ஏரிகளில் மீன் செத்தது, காடுகள் பட்டுப்போயின. அமில மழை என்ற சொல் உலகுக்கே பழக்கமானது அப்போதுதான். 1990-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டு, 1995 முதல் மின்நிலையங்களுக்குக் கந்தக வரம்பு வந்தது. எப்படிக் குறைப்பது என்பதை நிலையங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பலர் மலிவான வழியைப் பிடித்தார்கள். வயோமிங் மாநிலத்தின் பவுடர் ரிவர் படுகையில் கந்தகம் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான கரி மலைபோல் கிடந்தது. 1980-இல் ரயில் கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்ததால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவருவதும் கட்டுப்படியானது. வயோமிங் கரி கிழக்கே ஓடியது. இலினோய்ச் சுரங்கங்கள் மூடிக்கொண்டன.

பிந்தைய ஆண்டுகளில் விதிகள் இன்னும் இறுகியபோது, கரியை மாற்றுவது மட்டும் போதவில்லை. புகையைக் கழுவும் எஃப்ஜிடி சாதனங்களைப் பொருத்தினார்கள். பொருத்திய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. கந்தகம் மிகுந்த இலினோய்க் கரிக்கு மறுபடியும் வாங்குநர் கிடைத்தார்கள். புகைபோக்கியில் பிடித்துவிட முடிந்தால் கரி எந்த ஊர் என்பது முக்கியம் இல்லை அல்லவா! அமெரிக்க மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 1990-இல் சுமார் 15 மில்லியன் டன். 2020-இல் 1 மில்லியன் டன்னுக்கும் கீழே. எரிவாயுவும் இதில் பெரிய பங்கு வகித்தது.

கந்தகம் குறைந்த கரி வாங்குவது, வாங்கும் காலம் வரைக்கும் கிடைக்கும் பாதுகாப்பு. கழுவும் சாதனம் நிலையத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கரிச் சந்தை கலங்கும்போது தெரியும்.

500 என்ற எண்

மலேசியாவின் 2014-ஆம் ஆண்டு தூய காற்று ஒழுங்குமுறைகள், மின்நிலையக் கரி உலைகளின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 500 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு என்று வரம்பு வைத்தன. பழைய நிலையங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அது 2019 ஜூனில் முடிந்தது.

இந்த 500 என்ற எண்ணைக் கரியின் மொழியில் பெயர்த்துப் பார்த்தேன். 5,000 கிலோகலோரி கரியைக் கழுவாமல் எரித்தால், தோராயமாக 0.2 விழுக்காடு கந்தகம் வரை இந்த வரம்புக்குள் நிற்கும். 0.1 விழுக்காட்டுக் கரி 300-க்குக் கீழே சுலபமாக வந்துவிடும். 0.7 விழுக்காட்டு ஆஸ்திரேலிய வகையோ 1,500-ஐத் தொடும். அதாவது நம் சட்டம் கழுவும் சாதனத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. நல்ல கரி வாங்கினாலும் போதும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா போன்ற 2000-க்குப் பிந்தைய நிலையங்கள் கழுவும் சாதனத்தோடு கட்டப்பட்டவை. ஜப்பானை விட்டுப் பார்த்தால், ஆசியாவில் 1980-களில் எழுந்த கரி நிலையங்களில் பெரும்பாலானவை தூசியைப் பிடிக்கும் சாதனத்தோடு நின்றுகொண்டன.

(சீனாவின் இப்போதைய கடுமையான வரம்பு 35 மில்லிகிராம். 500-ஐப் பார்த்துப் பெருமைப்பட இடம் குறைவு.)

நல்ல கரியை நம்பியிருப்பதன் ஆபத்து 2022 ஜனவரியில் வெளிப்பட்டது. தன் சொந்த மின்நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று சொல்லி இந்தோனேசியா ஏற்றுமதியை ஒரு மாதத்துக்கு நிறுத்தியது. சில வாரங்களில் தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். அடுத்த மாதமே உக்ரேன் போர். டன்னுக்கு 100 அமெரிக்க டாலருக்கும் கீழே கிடந்த ஆஸ்திரேலியக் கரியின் விலை அந்த ஆண்டில் 400 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் கரி வாங்கும் அதிகாரியின் முதல் கவலை, விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது. அதில் தவறு சொல்ல முடியாது. கிடைக்கும் கரியைக் கலந்து எரிப்பார்கள். அந்தக் கலவையில் கந்தகம் எவ்வளவு என்பதுதான் வெளியில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும் விஷயம்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்லும் இன்னொரு சிக்கலும் உண்டு. கந்தகம் மிகக் குறைந்த கரியின் சாம்பல், மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் சாதனத்தில் எளிதில் ஒட்டாது. கந்தகத்துக்காகக் கரியை மாற்றினால் தூசிக்கான சாதனத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் நடப்பது

நம் உறவினர்கள் இருக்கும் வடசென்னை, எண்ணூர், தூத்துக்குடி, நெய்வேலி ஆகிய இடங்களில் இதே வாதம் வேறு உருவில் ஓடுகிறது. இந்திய அரசு 2015 டிசம்பரில் கரி மின்நிலையங்களுக்கு முதன்முறையாகக் கந்தக வரம்பு வைத்தது. பெரிய அலகுகளுக்கு 200 மில்லிகிராம், சிறியவற்றுக்கு 600, 2017 முதல் வரும் புதியவற்றுக்கு 100. இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்ற வேண்டியது, 2022 என்றும், அதற்குப் பிறகும் என்றும் தள்ளிக்கொண்டே போனது. இதற்கிடையே மனிதரால் வெளியாகும் கந்தக டை ஆக்சைடில் இந்தியா சீனாவை முந்திவிட்டது என்று நாசா செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. சீனா கழுவும் சாதனங்களால் 2007-லிருந்து 75 விழுக்காடு குறைத்திருந்தது. இந்தியா 50 விழுக்காடு கூட்டியிருந்தது.

2025 ஜூலையில் வந்த புதிய அறிவிக்கை, பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் தள்ளி இருக்கும் நிலையங்களுக்குக் கழுவும் சாதனக் கட்டாயத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு இதில் அடங்கும். சொன்ன காரணங்களில் ஒன்று: இந்தியக் கரியில் கந்தகம் இயல்பாகவே குறைவு.

உண்மைதான், 0.3 முதல் 0.5 விழுக்காடு. ஆனால் அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். வெப்பம் 3,500 கிலோகலோரி அளவுக்கே தேறும். முன்பு போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் நிலையத்துக்கு நாளொன்றுக்கு 16,500 டன் வேண்டும். 0.4 விழுக்காடு கந்தகம் என்றால் 132 டன் கந்தக டை ஆக்சைடு. 0.7 விழுக்காட்டு ஆஸ்திரேலியக் கரி தரும் 134 டன்னுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒடிசாவின் தல்ச்சேரில் வெட்டி, பாரதீப் துறைமுகம் வழியாக எண்ணூருக்குக் கப்பலில் வரும் கரியின் கதை இது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் பாதி. அங்கும் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

'குறைந்த கந்தகம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எத்தனை யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஐபியு சொல்லாதது

நம் கைப்பேசியில் பார்க்கும் ஐபியு என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு இதற்கு உதவுமா? ஜெஞ்சாரோமுக்கு அருகில் இருப்பது பந்திங் அளவீட்டு நிலையம். குறியீடு, அந்த நேரத்தில் எந்த மாசு மிக மோசமோ அதை மட்டும் காட்டும். அது பெரும்பாலும் நுண்துகள்தான். கந்தக டை ஆக்சைடு அந்தப் போட்டியில் ஜெயிப்பது அரிது. ஆனால் நுண்துகளின் உள்ளே சல்பேட் ஒளிந்திருக்கிறது. கரியிலிருந்து வந்த துகளா, சுமத்ராப் புகைமூட்டமா, லோரிப் புகையா என்று எண் சொல்லாது. 2018-இல் பிஎம் 2.5 குறியீட்டில் சேர்ந்தது நல்ல முன்னேற்றம். அது பிரச்சினையின் அளவைக் காட்டியது, மூலத்தைக் காட்டவில்லை.

தரநிலையும் தாராளமானது. காற்றில் 24 மணி நேரச் சராசரியாக மலேசியா அனுமதிப்பது 80 மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 40. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்த வாயு சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதால், நாள் சராசரி நன்றாக இருந்தாலும் இடையில் வரும் உச்சங்களைக் கவனிக்க வேண்டும்.

கந்தகத்தைக் குறைக்க முடியாது என்று யாராவது சொன்னால், நம் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-ஆகக் குறைந்தது. காப்பாருக்கும் ஜெஞ்சாரோமுக்கும் நடுவே கிள்ளான் துறைமுகம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. 2021 ஏப்ரல் முதல் விற்கும் யூரோ 5 டீசலில் கந்தகம் 10 பிபிஎம். முன்பு 500. அண்ணன்மார் ஓட்டும் லோரிக்கும், கடலில் வரும் கப்பலுக்கும் எரிபொருளின் கந்தக அளவு பகிரங்கமான எண். மின்நிலையக் கரிக்கு மட்டும் அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

அமெரிக்காவில் எந்த மின்நிலையத்துக்கு எந்த மாதம் எந்த மாநிலத்துக் கரி எத்தனை டன் வந்தது, அதில் கந்தகம் எத்தனை விழுக்காடு என்பதை அரசாங்கமே வெளியிடுகிறது. புகைபோக்கியில் மணிக்கு மணி பதிவாகும் அளவும் இணையத்தில் கிடைக்கிறது. இங்கும் புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள் உண்டு, அந்த அளவுகள் சுற்றுச்சூழல் துறைக்குப் போகின்றன. ஐபியுபோல மக்கள் தினமும் பார்க்கும் இடத்துக்கு அவை வருவதில்லை.

கரியின் விலையோ நம் வீட்டுக்கே வருகிறது. 2025 ஜூலை முதல் எரிபொருள் விலை மாற்றம் 'ஏஎஃப்ஏ' என்ற பெயரில் மாதந்தோறும் மின்கட்டணத்தில் கூட்டியோ கழித்தோ சேர்க்கப்படுகிறது. மாதம் 600 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கணக்குக்காக ஒவ்வொரு மாதமும் எரிபொருள் விலையைக் கூட்டிக் கழிக்க முடிகிறதென்றால், அதே கரி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, கந்தகம் எவ்வளவு என்று இரண்டு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய கருவியோ தேவையில்லை. ஒவ்வொரு கப்பல் சரக்குக்கும் ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் கரி வியாபாரமே நடப்பதில்லை. எண் ஏற்கெனவே இருக்கிறது.

காப்பார் நிலையத்தின் மின்கொள்முதல் ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. நாடு முழுவதும் கரியைக் கைவிடும் இலக்கு 2044-ஐ ஒட்டி. அதுவரை வந்து இறங்கும் கப்பல்களைப் பற்றி மூன்று கேள்விகளைக் கோல லங்காட், காப்பார் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் சிலாங்கூர் சுற்றுச்சூழல் துறையிடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். காப்பாரின் நான்கு கரி அலகுகளிலும் கந்தகத்தைப் பிடிக்க இருக்கும் ஏற்பாடு என்ன, கடந்த ஆண்டு அது எத்தனை மணி நேரம் ஓடியது? 2019 ஜூனுக்குப் பிறகு 500 மில்லிகிராம் வரம்பு எத்தனை முறை மீறப்பட்டது? 2022-இல் இந்தோனேசியக் கரி தட்டுப்பட்ட வாரங்களில் எந்தக் கரி எரிந்தது? பிளாஸ்டிக் விவகாரத்தில் புகார் எழுதிப் பழகிய ஊர் இது. கடிதத்தின் நகலை இந்தப் பக்கத்துக்கும் அனுப்பினால், பதில் வரும்போது வெளியிடுகிறோம்.